ஜப்பான்காரர்கள் என்ன மந்திரம் போட்டார்கள்?

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படம், முட்டைக் கண், கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற கூத்து. இந்த மங்கா (அதாவது ஜப்பானியக் காமிக்ஸ்) மோகம் ஜப்பான் அரசு காசைக் கொட்டி உலகம் முழுக்கக் கிளப்பிவிட்டதுதானே? நம் பிள்ளைகளும் பின்னால் ஓடுகிறார்கள். இதெல்லாம் எத்தனை நாளைக்கு?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அரசு காசு சமாசாரத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானியக் கலாசாரத்தை வெளிநாட்டில் பரப்புகிற அரசு நிதியமான ‘கூல் ஜப்பான்’ வந்ததே 2013-இல்தான். 1978-லேயே கோல்டோராக் என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் ராட்சத ரோபோ பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இறங்கி அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டுவிட்டது. ஜப்பான் அரசு பந்தி முடிகிற நேரத்தில் இலை போட்டு உட்கார்ந்த கேஸ். காசு கொடுத்த அரசு ஒன்று உண்டென்றால் அது பிரான்ஸ்: 2021-இல் 18 வயதானவர்களுக்குக் கலாசாரச் செலவுக்கென்று 300 யூரோ கொடுத்தார்கள், பிள்ளைகள் நேரே புத்தகக் கடைக்குப் போய் மங்காவாக அள்ளியதில் அந்தத் திட்டத்துக்கே ‘மங்கா பாஸ்’ என்று கிண்டல் பெயர் விழுந்தது.

அப்புறம் அந்த முட்டைக் கண். அது அமெரிக்கச் சரக்கு சார். மங்காவின் முன்னோடி ஒசாமு தெசுகா டிஸ்னி படங்களைப் பார்த்து வளர்ந்தவர், மருத்துவம் படித்துக்கொண்டே படம் வரைந்தவர். 1947-இல், போர் முடிந்து இரண்டே வருஷம், நல்ல காகிதம்கூடக் கிடைக்காத ஒசாகாவில், மலிவுப் பதிப்பாக அவருடைய ‘புதிய புதையல் தீவு’ வந்தது. கதை ஷிச்சிமா சகாய் என்ற மூத்த ஓவியருடையது. ஆரம்பத்திலேயே ஒரு பையன் திறந்த காரில் துறைமுகத்துக்குப் பறக்கிறான். பக்கவாட்டில் தெரிகிற கார் அடுத்த கட்டத்தில் நம் முகத்துக்கு நேரே வருகிறது. சும்மா ஒரு கார்ப் பயணம், ஆனால் சினிமா மாதிரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டோம் என்று பின்னால் வந்த ஓவியர்கள் பலர் சொன்னார்கள்.

ஆனால் ஒரு மேதையால் மட்டும் ஒரு தொழில் நிற்காது. நிறுத்தியவை வாரப் பத்திரிகைகள், நான் பத்திரிகைக்காரன் என்பதால் சொல்லவில்லை. 1959 மார்ச் 17-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு சிறுவர் வார இதழ்கள் போட்டி போட்டுக்கொண்டு கடைக்கு வந்தன. 1968-இல் வந்த ‘ஷோனென் ஜம்ப்’ லேட். பெரிய பெயர்களெல்லாம் ஏற்கெனவே மற்ற இதழ்களின் கையில். வேறு வழியில்லாமல் புதுமுகங்களைப் பிடித்தார்கள். ஒவ்வொரு இதழிலும் ஓர் அஞ்சலட்டை: பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்பு. வோட்டு குறைந்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் தொடருக்கு மூடுவிழா. பின்னால் ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா தோரியாமா கொண்டுவந்த பக்கங்களை அவருடைய எடிட்டர் தோரிஷிமா திரும்பத் திரும்ப நிராகரித்தார். அந்தக் கடுப்பில் தோரியாமா தன் தொடரில் எடிட்டரையே வில்லனாக வரைந்தார், எடிட்டரும் அதை அச்சுக்கு அனுப்பினார்! (எங்கள் ஓவியர் இதைப் படிக்காமலிருக்கக் கடவது.) 1994 கடைசியில் ஜம்ப் ஒரு வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி அச்சானது. கறுப்பு வெள்ளைக்குக் காரணமும் இதுதான். தடித்த புத்தகம், மட்டமான தாள், குறைந்த விலை, ரயிலில் படித்துவிட்டுத் தூக்கிப்போடலாம், பிடித்த கதை பிறகு தனி நூலாக வரும்.

இன்னொன்று, அங்கே காமிக்ஸ் குழந்தைகளுக்கு மட்டும் என்று யாரும் கோடு போடவில்லை. அமெரிக்காவில் 1954-இல் பதிப்பாளர்களே தணிக்கை விதி எழுதித் தங்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜப்பானிலோ சமையல், கோல்ஃப், ஆபீஸ் அரசியல் எல்லாவற்றுக்கும் மங்கா. ரியோகோ இகெடா 1972-இல் பிரெஞ்சுப் புரட்சியைப் பெண் பிள்ளைகளுக்கான தொடராக எழுதினார். ஆறு வயதில் ஹிரோஷிமாவில் உயிர் தப்பிய கெய்ஜி நகாசாவா, 1973-இல் அந்தக் குண்டின் கதையை அதே ஜம்ப்பில், சண்டைக் கதைகளுக்கு நடுவே, தொடராக வரைந்தார். நம் வீட்டு ஹாலில் தமிழ் பேசிக்கொண்டு அம்மாவை வம்புக்கு இழுக்கிற ஷின்சான் 1990-இல் பிறந்ததே பெரியவர்களுக்கான வார இதழில்தான். குழந்தைப் படம் என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு பதறுகிறோம்.

பின்பக்கக் கூத்துக்கு வருகிறேன். அவர்கள் வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்கள், அவ்வளவே. 1980-களில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் வாசகருக்குச் சிரமம் வேண்டாமென்று பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள், சாமுராய்கள் மொத்தமும் இடக்கையர் ஆனார்கள். 2002 வாக்கில் டோக்கியோபாப் நிறுவனம் திருப்பாமலே போட்டது. செலவும் மிச்சம், விற்பனையும் குறையவில்லை. புத்தகக் கடை அலமாரியில் வைத்ததால் காமிக்ஸ் கடைப் பக்கமே போகாத பெண்கள் கூட்டம் வாங்கியது.

சரி, நான் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். வாரத்துக்குச் சுமார் 19 பக்கம் என்பது மனிதனைப் பிழிகிற வேலை. மாதம் இருமுறை வருகிற இதழில் ‘பெர்செர்க்’ வரைந்த கென்டாரோ மியுராகூட 2021-இல் 54 வயதில், 30 வருஷத்துக்கு மேல் வரைந்த கதையை முடிக்காமலே இறந்தார். அஞ்சலட்டைக்குப் பயந்து ஒரே மாதிரிச் சண்டையை வருஷக்கணக்கில் இழுக்கிற தொடர்களும் ஏராளம், அவற்றை நான் பாதியில் மூடிவைத்துவிடுவேன்.

எத்தனை நாளைக்கு என்கிறீர்கள். அச்சு விற்பனை அங்கேயும் சரிந்துதான் விட்டது. ஆனால் 2019 முதல் ஜம்ப் பதிப்பகமே புது அத்தியாயத்தை ஜப்பானில் வருகிற அன்றே ஆங்கிலத்தில் செல்போனில் இலவசமாகக் கொடுக்கிறது. உங்கள் வீட்டுப் பையனைக் கேட்டுப் பாருங்கள், இந்த வாரத்து அத்தியாயத்தை உங்களுக்கு முன்னால் அவன் படித்து முடித்திருப்பான்.