ட்ரையல்ஸ் (பாறை, மேடு ஏறும் பந்தய பைக்) டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எந்தத் தடிமனில் பேஸ் கேஸ்கெட், அதாவது சிலிண்டருக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு, போடுவது?

பழைய கேஸ்கெட்டின் தடிமனைப் பார்த்து அப்படியே வாங்காதீர்கள். அளக்க வேண்டியது ஸ்குவிஷ் இடைவெளியை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சுவதை. பிஸ்டன் தலையில், பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) செல்லும் கோட்டின் இரு முனைகளிலும் சால்டர் கம்பித் துண்டுகளைக் கிரீஸால் ஒட்டுங்கள். வேறு இடத்தில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு பொய் சொல்லும். ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளவிடுங்கள். 0.5 மில்லிமீட்டர் கேஸ்கெட்டில் 1.4 வந்தால், 0.2 போட்டால் ஏறக்குறைய 1.1.

மெல்லியது சிலிண்டரை இறக்குகிறது: அழுத்தம் கூடும், எக்ஸாஸ்ட் போர்ட் தாமதமாகத் திறக்கும், கீழ் வேகத்தில் இழுவை கிடைக்கும். பாறை ஏறும் வண்டிக்கு அதுதானே வேண்டும்! ஆனால் என்ஜினில் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம் (நாக்கிங்) கேட்டால் பழைய தடிமனுக்கே திரும்புங்கள்.