மகசூலும் தாசில்தாரும்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் மன்னார்குடி பக்கம், அப்பாவுக்கு மூன்று மா நிலம். நாகூரில் ஒரு வீட்டில் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடு ஒன்றைப் பார்த்ததிலிருந்து அரபு படிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கோடையில் வெளிநாடு போய்ப் படிக்க உதவித்தொகை தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கர்களுக்கானவை. நான் முஸ்லிமும் இல்லை. எனக்கு யார் பணம் தருவார்கள்?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

நீங்கள் பார்த்தது சரிதான். கிரிட்டிக்கல் லாங்குவேஜ் ஸ்காலர்ஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கு. ஃப்ளாஸ் என்ற அமெரிக்க அரசின் மொழி உதவித்தொகை அவர்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்கும். அதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்த சிக்கல் கோடை என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் கோடை ஏப்ரல், மே. ஜோர்டானின் அம்மானிலும் துனிசியாவின் துனிஸிலும் கோடை வகுப்பு பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான் தொடங்கும். இங்கே மேட்டூர் திறந்து, கல்லூரியும் திறந்திருக்கும். எனவே மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு வரும் கோடைதான் உங்களுக்குத் தோது. கையில் ஒரு வருஷம் இருக்கிறது.

அந்த வருஷத்தை இங்கேயே அரபுக்குக் கொடுங்கள். திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபுத் துறை இருக்கிறது. வெளி மாணவர்களுக்கு என்ன வழி என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் கூத்தாநல்லூர் உங்களுக்குப் பக்கம், அங்கே அரபு தெரிந்த ஒரு ஹஜ்ரத்தை, அதாவது மார்க்க ஆசிரியரை, தேடுங்கள். குர்ஆன் ஓத மட்டும் கற்றுத்தருபவர் போதாது. நஹ்வு, ஸர்ஃபு, அதாவது தொடரிலக்கணமும் சொல்லிலக்கணமும், சொல்லித்தருபவர் வேண்டும். எழுத்துகூடத் தெரியாதவருக்கு விமான டிக்கெட் எடுத்துத்தர யாருக்கும் மனம் வராது.

அப்புறம் பணம். ஆறு வாரக் கோடை வகுப்புக்கு முழுச் செலவையும் ஒருவரே தருவது நம் மாணவர்களுக்கு அபூர்வம். ஓராண்டுப் படிப்புக்குக் கிடைப்பது அதைவிடச் சுலபம் என்பது வேடிக்கைதான். கத்தார் பல்கலைக்கழகத்தில் அரபு தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஓராண்டுத் திட்டம் இருக்கிறது, உதவித்தொகையோடு. கோடைதான் வேண்டும் என்றால் துனிஸில் பூர்கிபா பெயரில் உள்ள மொழி நிறுவனத்தைப் பாருங்கள். கட்டணத்தை ஒருவரிடமும் டிக்கெட்டை இன்னொருவரிடமும் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர் சங்கங்கள், கல்லூரியின் பழைய மாணவர்கள் என்று கதவுகள் உண்டு. அப்பா குறுவைக்கு வைத்திருக்கும் பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

முஸ்லிம் இல்லை என்பதைப் பற்றி: மதினா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் முஸ்லிம்களுக்கானது. மொழி கற்பிக்கும் நிறுவனங்களின் கதை வேறு. மன்னார்குடிப் பையன் அரபுத்தமிழ் படிக்கப் போகிறான் என்றால் கூத்தாநல்லூர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் வயதில் நானும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன். அரபு எவ்வளவு தொன்மையான மொழி, எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்று இரண்டு பக்கம். படித்த பெரியவர் தாளை என் பக்கமே தள்ளினார். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி. உனக்கு எதுக்கு?" எனக்குப் பதில் வரவில்லை. பணமும் வரவில்லை.

உங்களிடம் பதில் இருக்கிறது, அதை எழுதுங்கள். உங்கள் அப்பா மகசூல் என்கிறாரே, அது அரபுச் சொல். அடங்கல் வாங்கப் போனால் காதில் விழும் தாசில்தார் என்ற சொல்லில் தாசிலும் அரபு, தார் பாரசீகம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஹ, ஸ, ல என்ற மூன்று எழுத்து. விளைந்து கைக்கு வந்தது மகசூல், அதில் பங்கு வாங்குவது தாசில். அரபு நாடுகளில் இன்றும் பயிர் விளைச்சலுக்கு மஹ்ஸூல்தான். தஞ்சை ஜில்லா வரலாறு படிக்கிறவனுக்கு அரபு எதற்கு என்று கேட்டால் இதைவிட என்ன வேண்டும்? (ஜில்லாவும் அரபுதான்.) நாகூர் ஏட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரபியில் இல்லாத ட, ப, ழ ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள்.

பாஸ்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே தஞ்சாவூர் போய்விடுங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும். திரும்பும்போது நாகூருக்கும் ஒரு நடை போய், வீட்டுக்காரரிடம் கேட்டு அந்த ஏட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹஜ்ரத்திடம் முதல் பாடம் அதிலிருந்தே தொடங்கட்டும்.