வலைப்பூவில் சங்கப் பாட்டு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தருமபுரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 11, 12ஆம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். 9 ஆண்டுகளாக என் மாணவர்கள் வாரம் ஒரு பாட்டைப் படித்து, அதைப் பற்றி வகுப்பு வலைப்பூவில் எழுதி வருகிறார்கள். இது எப்படி நடக்கிறது, எங்களாலும் முடியுமா என்று பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், என் வகுப்பில் 42 பேர். ஹைடெக் லேபில் ஓடுகிற கணினி 8தான். ஆளுக்கு ஒரு வலைப்பூ என்றால் எப்படி முடியும்? (அரசுப் பள்ளித் தமிழாசிரியர், விழுப்புரம்)

ஆளுக்கு ஒன்று வேண்டாம். வகுப்புக்கு ஒன்று போதும். நானும் முதல் ஆண்டு ஆளுக்கு ஒன்று தொடங்கச் சொன்னேன். ஆடி முடிவதற்குள் முக்கால்வாசி வலைப்பூக்கள் ஒரே பதிவோடு நின்றுவிட்டன. இப்போது வாரத்துக்கு 5 பேர் எழுதுகிறார்கள், மற்றவர்கள் பின்னூட்டம் போடுகிறார்கள். முதலில் நோட்டில் எழுத வேண்டும். அதைப் பக்கத்தில் இருப்பவர் படித்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்புறம்தான் கணினி. இப்படிச் செய்தால் தட்டச்சுக்கு ஒரு பாடவேளை போதும்.

நோட்டில் எழுதினால் வராத எது வலைப்பூவில் வந்துவிடுகிறது? உண்மையாகவே கேட்கிறேன். (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

ஐயா, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

குறுந்தொகை 25ஆம் பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். கபிலர் பாடியது. அவன் என்னைச் சேர்ந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. சாட்சியாக ஒரு குருகு மட்டும் இருந்தது. ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால்’ உடையது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வகுப்பில் இதை நடத்தினால், பறவையால் சாட்சி சொல்ல முடியாது, அதனால் அவள் கையறு நிலையில் இருக்கிறாள் என்பதோடு நிறுத்திவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் நிறுத்தினேன். ஒரு வருடம் ஒரு மாணவன் பதிவில் இதையே எழுதினான். கீழே இன்னொருவன், “குருகு அவர்களைப் பார்க்கவே இல்லை, மீனைத்தான் பார்த்தது, அப்புறம் எப்படி சாட்சி?” என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆரல் பார்க்கும் குருகு என்றுதானே கபிலர் சொல்கிறார்?

அன்று இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மாணவி பின்னூட்டம் போட்டிருந்தாள். வகுப்பில் கைதூக்கி நான் பார்த்திராத பெண். அவள் வீட்டில் தினை விதைப்பார்கள். அவள் எழுதியதன் சுருக்கம் இது: அறுவடைக்கு முன்னால் குனிந்து பார்த்தால்தான் தினைத்தாள் கண்ணில் படும், நின்று பார்த்தால் கதிர்தான் தெரியும். தலைவிக்குக் குருகின் முகம் ஞாபகமில்லை, இறக்கை ஞாபகமில்லை, கால்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் அந்த நேரம் முழுக்க அவள் தலை குனிந்தே இருந்திருக்கிறாள்.

எந்த உரையையும் பார்த்து அவள் இதை எழுதவில்லை. பாட்டில் ‘நாணினாள்’ என்ற சொல் கிடையாது. அந்த நாணத்தை ஒரு பறவையின் காலிலிருந்து இந்தப் பெண் எடுத்தாள். 45 நிமிட வகுப்பில் இது நடந்திருக்காது. அவளுக்கு ஒரு நாள் அவகாசம் தேவைப்பட்டது. இன்னொருவன் கேட்ட கேள்வி அவளை மறுபடி அந்த வரிக்குப் போக வைத்தது. நோட்டில் எழுதியிருந்தால் நான் மட்டும் படித்து, சிவப்பு மையில் ‘நன்று’ போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பிள்ளைகள் ஏஐயிடம் கேட்டு அப்படியே ஒட்டுகிறார்கள். என்ன செய்வது மேடம்? (கல்லூரி உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்)

கேள்வியை மாற்றுங்கள். ‘இப்பாடலின் மையக்கருத்தை எழுதுக’ என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வரும். முன்பு நோட்ஸிலிருந்து வந்தது, இப்போது ஏஐயிலிருந்து வருகிறது. நான் கேட்பது இதுதான்: எந்தச் சொல்லில் நின்றாய், ஏன் நின்றாய், அகராதியில் என்ன கிடைத்தது, கிடைத்ததில் எதை ஏற்றாய்? மேலே சொன்ன பாட்டிலேயே ‘குருகு’ இருக்கிறது. பறவை, நாரை என்பதோடு அதற்கு வளையல் என்றும் ஒரு பொருள் உண்டு. ஏன் இங்கே வளையல் இல்லை என்று மாணவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

இன்னொரு பயிற்சியும் வைக்கிறேன். ஏஐயிடம் ஒரு சங்கப் பாட்டைக் கேட்டு வாங்கி, அதை மூலத்தோடு ஒப்பிடச் சொல்கிறேன். இல்லாத வரி, மாறிப்போன புலவர் பெயர் என்று பலமுறை பிடித்திருக்கிறார்கள். பிழை பிடிக்க வேண்டுமானால் மூலத்தை எழுத்தெழுத்தாகப் படித்தே ஆகவேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

நம்பகமான மூலம் இணையத்தில் எங்கே கிடைக்கும்? (பி.எட். மாணவி, திருநெல்வேலி)

மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களால் நடக்கிறது. பழைய நூல்கள் பெரும்பாலும் அங்கே இருக்கின்றன. உரையோடு வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது விக்கிமூலம். அச்சுப் பக்கத்தின் படமும் தட்டச்சிட்ட வரியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்த பக்கம் பச்சை. படத்திலிருந்து எழுத்தாக மாற்றும்போது கணினிக்குக் காலும் ‘ர’வும் குழம்பிவிடும். அந்தப் பிழைகளைத் திருத்த என் மாணவர்களுக்கு மாதம் 2 பக்கம் கொடுக்கிறேன். பழைய அச்சைப் படிக்கப் பழக இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் ஒரு சொல் எந்த நூலில் ஆளப்பட்டிருக்கிறது என்றும் போட்டிருப்பார்கள். அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

என் பொண்ணு 11ஆம் வகுப்பு. அவள் பெயர், படம் எல்லாம் இணையத்தில் வருவது எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய், சேலம்)

உங்கள் பயம் நியாயமானது அம்மா. பெயரும் படமும் வரவே கூடாது. எங்கள் பிள்ளைகள் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். பெரும்பாலும் பூப்பெயர்கள். பள்ளியின் பெயரும் இருக்காது. வெளியார் பின்னூட்டம் என் பார்வைக்கு வந்த பிறகுதான் ஏறும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறேன். உங்கள் பள்ளியில் அப்படிக் கேட்கவில்லை என்றால் நீங்கள் போய்க் கேளுங்கள்.

வலைப்பூ தவிர வேறு எதைப் பயன்படுத்துகிறீர்கள்? (தனியார் பள்ளி ஆசிரியர், மதுரை)

கூகுள் மேப். சிலப்பதிகாரத்துக்கு அதைப்போல உதவியது வேறொன்றும் இல்லை.

கண்ணகியும் கோவலனும் புகாரை விட்டுக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். அதற்குள் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். கோவலன் “ஆறைங் காதம்” என்கிறான், பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். ஆறைந்து முப்பது. இந்த இடத்தில் மாணவர்களைப் பூம்புகாரில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். அப்புறம் திருவரங்கம், உறையூர், கொடும்பாளூர், மதுரை. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வந்தது. காதத்துக்கு 10 கிலோமீட்டர் என்று ஒருவன் வகுத்துச் சொன்னான். காத அளவு இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் வேறு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “டீச்சர், இவ்வளவு தூரத்தை வைத்துக்கொண்டு அவன் எப்படிச் சிரித்தான்?” என்றாள்.

அந்த வாரப் பதிவுகள் எல்லாமே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான். அவளைத் தேற்றச் சிரித்தான் என்று சிலர். இது கூடத் தெரியாமல் என்னோடு கிளம்பிவிட்டாளே என்ற வேதனைச் சிரிப்பு என்று சிலர். இரண்டுக்கும் இடமுண்டு.

கொடும்பாளூரில் பாதை மூன்றாகப் பிரிவதையும் அடுத்த வாரம் வரைந்தார்கள். அவர்களுக்கு மதுரைக்கு வழி சொல்லும் அந்தணன் மாங்காட்டு மறையோன். அவன் சொல்லும் வலப்பக்க வழிக்குச் சிறுமலையும், இடப்பக்க வழிக்கு அழகர்மலையும் திரையில் அப்படியே கிடைத்தன. இளங்கோவடிகளுக்கு வழி தெரிந்திருக்கிறது என்று ஒரு பையன் வியந்து எழுதினான்.

பின்னூட்டம் என்றால் ‘அருமை’, ‘சூப்பர்’, கைதட்டும் படம். இதைத் தாண்டி எழுத வைக்க முடியவில்லை. (ஆசிரியர், ஈரோடு)

ஒரே ஒரு விதி வையுங்கள். பின்னூட்டத்தில் பாட்டிலிருந்து ஒரு சொல்லாவது இருக்க வேண்டும், ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும். பதிவுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. பின்னூட்டம் வந்த பிறகு திருத்தி எழுதும் இரண்டாம் பதிவுக்குத்தான் போடுகிறேன்.

செல்போனில் தமிழ் தட்டச்சு செய்ய வரவில்லை. பேசினால் எழுதுகிறதே, அது போதாதா? (11ஆம் வகுப்பு மாணவர், திருவண்ணாமலை)

முதல் வரைவுக்குப் போதும் தம்பி. ஆனால் ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் மாறி விழும். சங்கச் சொல் என்றால் பக்கத்தில் இருக்கும் இன்றைய சொல்லைப் போட்டுவிடும். தமிழ்99 விசைப்பலகையைத் தினம் 20 நிமிடம் பழகு. மெய், உயிர் என்று எழுத்தின் கணக்கும் கூடவே கைக்கு வந்துவிடும்.

ரீச்சர், நான் யாழ்ப்பாணத்தில உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறன். ஈழத்து எழுத்துகளுக்கு இப்பிடி ஏதும் செய்யலாமோ? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

உங்களிடம் ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. எனக்கு அது பெரிய பொக்கிஷமாகத் தெரிகிறது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகையின் ஓர் இதழை எடுங்கள். ஒரு சிறுகதையைத் தனியாகப் படிக்காமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களோடு, ஆசிரியர் கடிதம், விளம்பரம், விலை எல்லாவற்றோடும் படிக்கச் சொல்லுங்கள். கதை பிறந்த காலம் தெரியும். பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் போய், இந்தக் கடை எங்கே இருந்தது என்று கேட்பார்கள். அந்தப் பதிலையும் பதிவில் சேர்க்கலாம்.

முழுச் சிறுகதையையும் வலைப்பூவில் போடலாமா? (நூலகர், திருச்சி)

எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்திருந்தால் போடலாம். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்குத் தடையில்லை. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் அப்படியே. இருக்கிற எழுத்தாளர் என்றால் பேச வேண்டிய சில வரிகளை மட்டும் மேற்கோள் காட்டுங்கள். முழுவதும் வேண்டும் என்றால் அவருக்கே எழுதிக் கேளுங்கள். ஒருமுறை என் மாணவர்கள் எழுதிய கடிதத்துக்கு ஓர் எழுத்தாளர் அனுமதியோடு 2 பக்கப் பதிலும் அனுப்பினார்.

மேடம், எங்கள் பள்ளியில் இதெல்லாம் இல்லை. நானே ஒரு வலைப்பூ தொடங்கி 4 பதிவு போட்டேன். யாரும் படிக்கவில்லை. (12ஆம் வகுப்பு மாணவி, ராமநாதபுரம்)

கண்ணு, நூறு பேர் வேண்டாம், கேள்வி கேட்கிற ஒருத்தர் போதும். உன் தோழி ஒருத்தியைப் பிடி. இருவரும் ஒரே பாட்டைத் தனித்தனியாக எழுதி, மாற்றிப் படியுங்கள். எந்தப் பாட்டு என்று தெரியவில்லை என்றால் குறுந்தொகையில் நெய்தல் பாட்டாகத் தேடு. கடல் உனக்குப் பக்கம். புன்னையும் தாழையும் நீ பார்த்தவை, நான் படித்தவை. அவற்றைப் பற்றி எனக்கு நீதான் சொல்ல வேண்டும். ஐந்தாவது பதிவு போட்டதும் சுட்டியை அனுப்பு, ஒரு கேள்வியோடு வருகிறேன்.