தம்பியின் யாளியும் அக்காவின் வீட்டுக் கடனும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 47. என் தம்பி சொந்தமாக ஒரு மாயாஜாலப் படம் எடுக்கிறான். 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்த நம் ஆட்களோடு ஒரு யாளியும் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்துவிடுகிறது என்பது கதை. "அக்கா, இன்னும் ரெண்டே நாள் ஷூட்டிங்" என்று கேட்கும்போதெல்லாம் வீட்டுக் கடனின் அக்சஸ் பாண்டிலிருந்து (கடனுக்குக் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கும் வசதி) எடுத்துக் கொடுத்தேன். 11 மாதத்தில் ஏழு தடவை, மொத்தம் 96,000 ராண்ட். தைப்பூசத்துக்கு முன் முடியும் என்றான், முடியவில்லை. இப்போது கிராபிக்ஸுக்கு 96,000 கேட்கிறான்: யாளி வரும் 64 ஷாட், ஷாட்டுக்கு 1,500. ஓய்வூதியத்தின் சேமிப்புப் பானையில், அதாவது ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதியில், இருக்கும் 28,000-ஐ எடுக்கலாமா? அரசாங்கம் பாதிச் செலவைத் திருப்பித் தரும் என்கிறான். கணவருக்கு இது எதுவும் தெரியாது.

பதில்: பானையைத் தொடாதீர்கள். 2024 செப்டம்பரில் இந்த இரண்டு பானைத் திட்டம் வந்ததிலிருந்து எல்லாரும் அதைக் கைமாற்றுப் பெட்டி மாதிரி பேசுகிறார்கள். எடுக்கும் தொகை அந்த வருட வருமானத்தோடு சேரும். உங்கள் சம்பளம் 31 சதவீதப் படியில் இருந்தால் வரிக்கே சுமார் 8,700 போய், கைக்கு 19,300 வரும். கேட்ட தொகையில் கால்வாசிகூட இல்லை.

உங்களுக்குச் சேதம் செய்வது படம் அல்ல. ஃபோன் வந்ததும் அக்சஸ் பாண்டைத் திறக்கும் பழக்கம்தான். வட்டி பத்தரை, மீதி 13 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த 96,000-க்கு மாதம் 1,130 வீதம் கட்டி, முடிக்கும்போது ஏறக்குறைய 1 லட்சத்து 76 ஆயிரம் ஆகியிருக்கும்.

இன்னொரு கணக்கைத் தம்பி உங்களிடம் சொல்லவில்லை. அவரே பார்த்தாரா என்பதும் சந்தேகம். ஆட்கள், சாப்பாடு, பெட்ரோல், ஜெனரேட்டர் என்று ஒரு ஷூட்டிங் நாளுக்கு 9,000 ஆகிறது என்று வைப்போம். அந்த நாளில் யாளி ஷாட் ஐந்து எடுத்தால், அவற்றின் கிராபிக்ஸுக்கு 7,500 பின்னால் நிற்கிறது. "ரெண்டே நாள்" என்பது 18,000 இல்லை, 33,000. ஏழு தடவையும் நீங்கள் கொடுத்தது, படத்தின் பாக்கியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. ஒலிக்கு இன்னும் ஒரு ராண்டுகூட ஒதுக்கவில்லை. கையில் காசில்லாமல் நின்றுபோகும் படங்களில் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

அரசுப் பணத்தைப் பற்றி: வணிகத் துறையின் புதிய கறுப்பினப் படைப்பாளர்களுக்கான திட்டத்தில் நம்மவர்களும் அடக்கம், தகுதியான செலவில் பாதி கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் செலவு குறைந்தது 5 லட்சம் ராண்ட் இருக்க வேண்டும், ஷூட்டிங் தொடங்கும் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்களுக்கே பணம் தாமதமாகி, 2025 தொடக்கத்தில் படத்துறையினர் தெருவில் இறங்கினார்கள். பாதி எடுத்த படத்துக்கு இந்தக் கதவு மூடியாயிற்று.

படம் முடிய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 64 ஷாட்டை 18 ஆக்கச் சொல்லுங்கள். முழு யாளி தெரிய வேண்டியது கடைசிக் காட்சியில் மட்டும்தான். மற்ற இடங்களில் கரும்பு அசைந்தால் போதும்: பத்துப் பன்னிரண்டு கரும்பில் அடியிலிருந்து ஒரு முழ உயரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தால் ஏதோ ஒன்று உள்ளே நடந்துபோவது போலவே இருக்கும். மூன்று பேர், ஒரு நாள், 1,500-க்குள். டிசம்பர் வரை அறுவடை நடக்கும். வெட்டிய வயலில் பழைய ஷாட்டோடு எதுவும் ஒட்டாது. ஆகவே அந்த வயல் எப்போது வெட்டப்படும் என்று தோட்டக்காரரிடம் முதலில் கேட்கட்டும்.

பின்னணியைக் கணினியில் மாற்றுவதற்காகக் கரும்புக்குப் பின்னால் பச்சைத் திரை கட்டியிருந்தால் அந்த ஷாட்டுகளைத்தான் முதலில் கழிக்க வேண்டும். பச்சையை நீக்கும்போது தோகையும் சேர்ந்து போய்விடும். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் வெட்ட வேண்டும்; நான்கு விநாடிக்கு 96 ஃபிரேம். 1,500-க்கு அதை ஒழுங்காகச் செய்து தர ஆள் கிடைப்பது கஷ்டம். இனி திரை வேண்டுமென்றால் நீலம்.

கணக்கு தோராயமாக: 18 ஷாட் 27,000. வசனத்தைச் சுத்தம் செய்து ஒலி கலக்க 25,000. இரண்டு ஹார்ட் டிஸ்க், திரையரங்குப் பிரதி, அந்த ஒரு நாள் ஷூட்டிங் எல்லாம் 8,000. ஆக 60,000. தம்பி சொந்தமாகக் கேமரா வைத்திருந்தால், கரும்பு ஷாட் எடுத்ததும் அதை விற்கட்டும். 35,000 கிடைத்தால் மீதி 25,000. அதை நீங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 2,100 வீதம் ஒரு வருடம் கொடுங்கள். அதுவும் தம்பி கையில் வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக ஒலி முடிந்து வரும்போது அதைக் கேட்டுவிட்டு, கலப்பவருக்கே நேராக அனுப்புங்கள்.

நீங்கள் திருமண ஒப்பந்தம் எழுதாமல் மணந்தவர் என்றால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. அந்த 96,000 உங்கள் கணவரின் கடனும்தான். வங்கிக் கணக்குத் தாளை எடுத்து வைத்து, ஏழு தேதிகளையும் கோடிட்டு, இந்த வாரமே அவரிடம் காட்டுங்கள். பிறகு இருவரும் சேர்ந்தே கிளைக்குப் போய், அக்சஸ் பாண்டிலிருந்து எடுக்கும் வசதியை நிறுத்தவோ குறைக்கவோ கேளுங்கள். அடுத்த ஃபோன் வரும் முன் இதை முடித்துவிடுங்கள்.