ஏழா, ஆறா? எண்ணிவிட்டு எழுதுங்கள்: பூச்சி கேள்வி-பதில்

*கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி. என்ன வண்டு? படம் அனுப்பியிருக்கிறேன். (வில்லியனூர்)*

படத்தில் தெளிவாக இருப்பது உங்கள் கட்டைவிரல்தான். புள்ளிகளையாவது எண்ணி எழுதியிருக்கலாம். ஏழு புள்ளிகளும் சிறகின் மேலேயே இருந்து, தலை உள்ளே மறைந்திருந்தால் அது ஏழுபுள்ளிக் கரப்பான். நீளம் ஒரு அங்குலம் இருக்கும். ஆறே புள்ளி, அதில் இரண்டு கழுத்துப் பக்கம், முன்னால் துருத்திய தாடை என்றால் ஆறுபுள்ளி வண்டு. அது எரிச்சல் திரவத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் பாடுதான். கரப்பான் அந்த வண்டின் வேஷத்தில் பிழைக்கிறது. எண்ணாமல் கை வைக்காதீர்கள்.

*ஏழுபுள்ளி கடிக்குமா? (முதுநகர்)*

கடிக்காது. ஏழுதானா என்று எண்ணினீர்களா?

*சமையலறைக்குள் வருமா? (லாஸ்பேட்டை)*

வராது. இது புதர்க்காட்டுப் பூச்சி. உலகில் 4,500 சொச்சம் கரப்பான் வகைகள். வீட்டோடு ஒட்டிக்கொண்டவை முப்பது இருந்தால் அதிகம்.

*முந்திரித் தோப்பில் சருகு கூட்டினால் சிறகில்லாத பழுப்புப் பூச்சிகள் மண்ணுக்குள் புதைகின்றன. மருந்து அடிக்கவா, சருகோடு கொளுத்தவா? (பண்ருட்டி)*

இரண்டும் வேண்டாம் சாமி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை ஏழுபுள்ளியின் குஞ்சுகளாக இருக்கலாம். குஞ்சுக்குப் புள்ளியும் கிடையாது, சிறகும் கிடையாது. மக்கிய இலையைத் தின்று மண்ணாக்குவதுதான் அதன் வேலை. உங்கள் முந்திரியைத் தொடாது. தாய்ப்பூச்சி முட்டைக் கூட்டைப் போடுவதும் அந்தச் சருகில்தான். ஒரு தீக்குச்சியில் முட்டை, குஞ்சு, தாய் எல்லாம் போய்விடும். கொட்டை பொறுக்கத் தரை சுத்தமாக வேண்டும், சரி. சருகை வேலியோரம் ஒதுக்கினால் போதாதா? தோப்புக்காரரை மட்டும் சொல்லவில்லை. புதுச்சேரியில் மாடித் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக உரம் வாங்குகிறவரே வாசல் வேப்பஞ்சருகைக் கூட்டித் தீ வைக்கிறார். சருகு குப்பை இல்லை என்று எத்தனை முறை எழுதுவது? புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போனால், மேலே மரத்தையே பார்க்காமல் காலடியிலும் கொஞ்சம் பாருங்கள்.

*கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா? (நெய்வேலி)*

வெளிநாட்டில் நிறையப் பேர் வளர்க்கிறார்கள். ஆனால் குஞ்சு வளர ஏறக்குறைய ஒரு வருஷம். புள்ளியோடு இருப்பது சில மாதம். மீதி நாளெல்லாம் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

*பேரனிடம் இதை வண்டு என்று சொல்லிவிட்டேன். மானம் போயிற்று. (திருப்பாதிரிப்புலியூர்)*

போகவில்லை ஐயா. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1758-இல் இதை ஆமை வண்டுகளோடு சேர்த்துத்தான் பெயர் வைத்தார்.