கொசுமெல் தீவில் டூன் பக்கி: கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்

டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறி மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்கு மூன்று முறை போய்வந்துவிட்டேன். மூன்று முறையும் அங்கே டூன் பக்கி என்னும் கதவில்லாத சின்னத் திறந்த காரை ஓட்டினேன். விஷயம் தெரிந்ததிலிருந்து விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேள்வியோடு வருகிறார்கள். மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

கே: டூன் என்றால் மணல்மேடுதானே? பாலைவனத்தில் ஏறி இறங்குவதுபோல் ஓட்டலாமா அண்ணா?

முடியாது. வண்டியின் பெயரில்தான் மணல்மேடு. ஓட்டுவதெல்லாம் தார்ச்சாலையில். ஊரெல்லாம் மேற்குக் கரையில், சான் மிகுவேலில் இருக்கிறது. அங்கிருந்து தீவின் குறுக்கே போகும் சாலையைப் பிடித்துக் கிழக்குக் கரைக்குப் போனால், கடலை ஒட்டியே தெற்கு நோக்கி ஆளில்லாத சாலை. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் புதர்க்காடு. மணலில் இறக்க விடாததற்குக் காரணம் உண்டு. அந்தக் கரையில்தான் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை கடலாமைகள் முட்டையிடுகின்றன. துள்ளிக் குதிக்கிற சவாரிதான் வேண்டும் என்றால் கொசுமெல் உங்களுக்குச் சரிப்படாது.

கே: வண்டி கியரா, ஆட்டோமேட்டிக்கா? என் மகள் அமெரிக்காவிலேயே ஓட்டக் கற்றவள். ஊரிலிருந்து அப்பாவும் வந்திருக்கிறார்.

பெரும்பாலும் கியர்தான், சாவியை அப்பாவிடம் கொடுங்கள்! வாடகை நிறுவனத்துக்கு வயது வரம்பு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் ஃபைபர் உடலைப் பொருத்தியவை. புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964-இல் கலிஃபோர்னியாவில் செய்த 'மேயர்ஸ் மேங்ஸ்' வண்டிதான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1967-இல் அதை மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் நீளத்துக்கும் ஓட்டிச் சாதனை படைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பீட்டிலை மெக்சிகோக்காரர்கள் செல்லமாக 'வோச்சோ' என்பார்கள். உலகம் நிறுத்திய பிறகும் புவெப்லா ஆலையில் 2003 வரை செய்துகொண்டிருந்தார்கள். அதனால் உதிரிப்பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை.

எஞ்சின் பின்னால். காற்றால் குளிர்வது, ரேடியேட்டரே கிடையாது. பெடல்கள் தரையிலிருந்து முளைத்து நிற்கும், பாதத்துக்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும். ரிவர்ஸ் போட கியர் குச்சியைக் கீழே அழுத்தி, இடப்பக்கம் தள்ளி, பின்னால் இழுக்க வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் ஒரு உணவகத்து வாசலில் வண்டியை இறங்கித் தள்ளினேன். பார்த்துச் சிரித்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அப்பா பழைய அம்பாசிடரோ ஃபியட்டோ ஓட்டியவர் என்றால் கைக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: அங்கே வலப்பக்கம் போக வேண்டும்.

கே: நான்கு வயதுக் குழந்தையை அழைத்துப் போகலாமா?

நான் போகமாட்டேன். கதவு கிடையாது. பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைச் சரியாகக் கட்ட வசதியிருக்கும் என்று நம்ப முடியாது. ஊருக்குள் 'தோபே' என்கிற வேகத்தடைகளும் உண்டு, கவனிக்காமல் ஏறினால் முதுகெலும்பு பேசும். கர்ப்பிணிகளுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் இதே பதில். ஒரு டாக்சி பிடித்து அதே கரைக்குப் போங்கள்.

கே: கிழக்குக் கரையில் குளிக்கலாமா? படத்தில் தண்ணீர் அவ்வளவு நீலம்.

நீலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மேற்குக் கரையில் கடல் சாதுவாக இருக்கும். கிழக்குப் பக்கம் திறந்த கரீபியன், உள்ளே இழுக்கிற நீரோட்டம் உண்டு, பல இடங்களில் உயிர்காப்பாளரும் இல்லை. காலை நனைத்துக்கொண்டு வாருங்கள். வழிகாட்டி "இங்கே இறங்கலாம்" என்று காட்டும் இடம் மட்டும் விதிவிலக்கு. கோடையில் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி ஒதுங்கி நாற்றமடிப்பதும் இந்தப் பக்கம்தான்.

கே: கப்பலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயம்.

நியாயமான பயம், அதற்குக் காரணம் கடிகாரம். கொசுமெல் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது, அமெரிக்காவைப்போல் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதில்லை. ஃப்ளோரிடாவில் ஏறிய கப்பல் கோடையில் தன் நேரத்தையே வைத்திருந்தால், தீவு ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். தீவின் நேரத்துக்குத் தானாக மாறிய கைபேசியை நம்பினால் கப்பல் போய்விடும். கால்வெஸ்டன் கப்பலில் குளிர்காலத்தில் இது தலைகீழ்: தீவு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், கப்பலுக்குப் பதில் பக்கி பயணத்தைத் தவறவிடுவீர்கள். இறங்குமுன் கப்பலில் கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கே: குழுவோடு போவதா, தனியாக வாடகைக்கு எடுப்பதா?

முதல் முறை குழு. முன்னால் வழிகாட்டி வண்டி போகும், நடுவழியில் நின்றுபோனால் அவர் பார்த்துக்கொள்வார். தனியாக எடுத்தால் பெட்ரோலை ஊரிலேயே நிரப்புங்கள், கிழக்குப் பக்கம் பங்க் கிடையாது. மெக்சிகோ காப்பீடு கட்டாயம், அமெரிக்கக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். அப்புறம், வண்டியை வாங்கும்போதே சுற்றிலும் வீடியோ எடுங்கள். பழைய கீறல் ஒன்றுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். வீடியோவைக் காட்டியதும் பேச்சு நின்றது.

கே: நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு?

வழியில் கடற்கரை உணவகங்கள் உண்டு. அந்தப் பக்கம் மின்கம்பியே போகாததால் ஜெனரேட்டர், சோலாரில்தான் நடக்கின்றன. இருட்டுமுன் மூடிவிடுவார்கள், கையில் ரொக்கம் வேண்டும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், "சின் மான்தேகா" (கொழுப்பு இல்லாமல்) என்று கேளுங்கள். சோற்றைக் கோழி வேகவைத்த நீரில் சமைப்பதும் உண்டு. நம்பிச் சாப்பிட தோர்த்தியா என்னும் சோள ரொட்டியும் அவகாடோ மசியலும் இருக்கின்றன. என் மாமியார் எலுமிச்சைசாதம் கட்டிக்கொண்டு வந்து, கப்பலிலிருந்து இறங்கும் இடத்திலேயே பறிகொடுத்தார். சமைத்த உணவைக் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

கே: பெயரைக் கேட்டாலே வீட்டில் சிரிக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும்தான். "பக்கி ஓட்டப் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். "யாரை?" என்றார்.