1953 ஒஸ்டினுக்கு அந்தக் காலத்து நம்பர் பிளேட் எங்கே கிடைக்கும்?

கேள்வி இதுதான்: டிக்கோயாவில் ஒருவர் 1953ஆம் ஆண்டு ஒஸ்டின் ஏ40 சமர்செட் கார் ஒன்றை வாங்கித் திருத்திக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் பழைய நம்பர். ஆனால் காரில் இருப்பதோ முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிளேட். அந்தக் காலத்துத் தகடு எங்கே வாங்கலாம், பழைய சாமான் கடையில் கண்ட ஒரு கறுப்புத் தகட்டை வாங்கிப் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

கடையில் கண்ட தகட்டைப் பூட்டாதீர்கள். அது வேறொரு காரின் நம்பர். நம் இலங்கையில் நம்பர் காரோடு வந்து காரோடே போவது. சொந்தக்காரர் பத்துப் பேர் மாறினாலும் நம்பர் மாறாது. அடுத்த காரின் நம்பரை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினால், பொலிஸ் மறிக்கும்போது உங்களிடம் சொல்ல நியாயம் ஒன்றும் இருக்காது. விலை குறைவு என்றால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளவு எடுக்கவும் எழுத்தின் வடிவம் பார்க்கவும் உதவும், அவ்வளவுதான்.

ஆகவே அந்தக் காலத்துத் தகடு என்பது தேடி வாங்குகிற சாமான் இல்லை, செய்விக்கிற சாமான். உங்கள் கார் எந்த நம்பரில் பதிவானதோ அதே நம்பரை, அது பதிவான வருடத்தில் எப்படி எழுதியிருப்பார்களோ அப்படியே எழுதுவிக்க வேண்டும். நான் என் மொரிஸ் மைனருக்கு அப்படித்தான் செய்தேன். அதில் பட்ட பாட்டையும் கற்றதையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நம்பர் எந்தக் காலத்தது என்று தெரிய வேண்டும். சீ.ஈ., சீ.எல்., சீ.என்., சீ.வை., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று வரும் எழுத்துகளைக் கூட்டிப் பாருங்கள்: எல்லாமே சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் இருந்து எடுத்தவை. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, ஒன்று ஸ்ரீயில் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. பின்னாளில் ஸ்ரீயை எடுத்துவிட்டு வெறும் சிறு கோடு போட்டார்கள். 2000இல் மாகாண எழுத்து வந்தது, நம் மத்திய மாகாணத்துக்கு சீ.பீ., ஊவாவுக்கு யூ.பீ. உங்கள் சமர்செட் ஸ்ரீக்கு முந்தியது. அப்படியென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் கறுப்புத் தகடு, வெள்ளை அல்லது வெள்ளி நிற எழுத்து. மஞ்சள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி என் கார். 1957 மொரிஸ் மைனர் 1000, 948 சீசீ. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சராக, அதாவது மருந்து கொடுப்பவராக, இருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் புதிதாக வாங்கியது. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்தே அதில் பிளாஸ்டிக் பிளேட்தான். மூன்று வருடத்துக்கு முன் பெயின்ட் வேலைக்காக முன் பம்பரைக் கழற்றும்போது அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இன்னொரு தகடு இருப்பதைப் பார்த்தேன். ஓரம் மடித்த மெல்லிய இரும்புத் தகடு. கழற்றிப் போட மனம் வராமல் யாரோ அதன் மேலேயே புதியதைப் பூட்டியிருக்கிறார்கள்.

மேலெல்லாம் கறுப்பு. எண்ணூறாம் நம்பர் சேண்ட் பேப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் மட்டும் தேய்த்தேன். கறுப்புப் போய்ச் சாம்பல் நிறப் பிரைமர் வந்தது. அதுவும் போனபிறகு வெள்ளையாக ஒரு விளிம்பு. அரை மணித்தியாலத்தில் ‘1’ வந்தது, அப்புறம் நான்கு இலக்கங்களும் ஒவ்வொன்றாக வந்தன. பிரஷ் திரும்பிய இடம்கூடத் தெரிந்தது. ஆனால் நடுவில் ஸ்ரீ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டியாகக் கறுப்பு. தாள் அதில் பட்டதும் அடைத்துக்கொண்டது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒற்றினேன். துணி மண்ணிறமாகியது. தார்.

அப்பாவிடம் காட்டினேன். "டிஸ்பென்சர் ஐயா லீவுக்கு யாழ்ப்பாணம் போனப்ப அங்க பூசிட்டாங்கன்னு சொல்லுவாரு. இங்க வந்து அதுக்கு மேலயே எழுதிக்கிட்டாரு" என்றார்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த வருடம் வாகனங்களில் சிங்கள ஸ்ரீ. வடக்கில் அதற்கு எதிராக நடந்ததுதான் ஸ்ரீ எதிர்ப்பு. தார் பூசினார்கள், தமிழில் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓட்டினார்கள். 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அந்த பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்குப் போனபோது நெருப்பு இன்னும் ஏறியது, பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பலகைகளில் தார் பூசினார்கள். மலைநாட்டுக்கும் அது வந்தது. அந்த 1958இல் பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள். ஒரு நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

அதனால்தான் அந்தத் தகட்டில் தாரை நான் துடைக்கவில்லை. தேய்த்த இடத்தோடு நிறுத்தி, மெல்லிசாகக் கிளியர் வார்னிஷ் அடித்து வீட்டில் வைத்திருக்கிறேன். ரோட்டில் ஓடப் புதுத் தகடு செய்வித்தேன். "இப்பவாவது தமிழ் ஸ்ரீ போடலாமே" என்று சிலர் சொன்னார்கள். பதிவுச் சான்றிதழில் எது இருக்கிறதோ அதுதான் தகட்டில் வர வேண்டும். அதோடு இந்தக் கார் அந்த எழுத்தோடுதான் ரோட்டுக்கு வந்தது, அந்த எழுத்துக்காகத்தான் தார் வாங்கியது. மாற்றி எழுதினால் அந்த வரலாறு அழிந்துவிடும் என்பது என் எண்ணம்.

சரி, செய்விக்கும் வேலைக்கு வருவோம். இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்.

கடைகளில் கம்ப்யூட்டரில் வெட்டித் தரும் எழுத்து பெரும்பாலும் இங்கிலாந்தில் 2001இல் வந்த வடிவத்தைப் பார்த்துச் செய்தது. அது 79 மில்லிமீற்றர் உயரம், 50 மில்லிமீற்றர் அகலம். ஒல்லியாக, நெருக்கமாக இருக்கும். உங்கள் கார் காலத்துப் பிரித்தானிய அளவு 3½ அங்குல உயரம், 2½ அங்குல அகலம், கோட்டின் பருமன் 5/8 அங்குலம். நம்முடைய தகடுகளும் அந்த வழியில் வந்தவைதான். என் பழைய தகட்டை அளந்தபோது நூலிழை வித்தியாசத்தில் 3½ அங்குலமே வந்தது. கறுப்பு நிறத்தைச் சரியாகப் போட்டுவிட்டு ஒல்லி எழுத்தை ஒட்டினால், என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ ஒட்டவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் காரிலேயே பழைய தகடு இல்லாவிட்டால் படம் தேடுங்கள். முந்திய சொந்தக்காரரின் குடும்பத்திடம் கலியாண ஆல்பம் கேளுங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர் வீட்டுக் கலியாணம் எதுவும் காரின் முன் நின்று படம் எடுக்காமல் முடிந்திருக்காது. படம் நேர் முன்னால் நின்று எடுத்ததாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன்: அந்தக் கால ஆங்கிலக் கார்களின் முன் விளக்கு பெரும்பாலும் 7 அங்குலம். உங்கள் காரின் விளக்கை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் எழுத்தின் உயரம் விளக்கில் சரிபாதி இருந்தால் அது 3½ அங்குலம். தகட்டின் நீளத்தையும் இதே மாதிரிக் கணக்குப் பார்க்கலாம். எழுத்து மேடாக, நிழலோடு தெரிகிறதா, தட்டையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். மேடாகத் தெரிந்தால் அச்சில் அழுத்திய அலுமினியத் தகடு, அல்லது ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே ரிவெட் அடித்தது. தட்டையாகத் தெரிந்தால் கையால் எழுதியது.

மேடான எழுத்துத் தகடுகளை இங்கிலாந்தில் ஏஸ், புளூமெல்ஸ் போன்ற பெயர்களில் செய்தார்கள். இன்றும் அங்கே பழைய கார்களுக்கென்று கறுப்பும் வெள்ளியுமாக அழுத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையது ஆங்கில எழுத்து நம்பர் என்பதால் அங்கிருந்து தருவிப்பது சாத்தியம். ஸ்ரீ நம்பர் கார்க்காரர்களுக்கு அந்த வழி இல்லை, அவர்களிடம் அந்த எழுத்துக்கு அச்சு கிடையாது.

நான் ஒரு வேண்டாத வேலையும் செய்து பார்த்தேன். தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரும் தரமும் நிறையும் குறிக்கப் பயன்படுத்திய பழைய தகர ஸ்டென்சில்கள் ஒரு நண்பரின் வீட்டில் இருந்தன. எங்கள் மண்ணின் பொருள், அதால் எழுதினால் எவ்வளவு பொருத்தம் என்று ஆசைப்பட்டேன். ஆனால் ஸ்டென்சிலில் 0, 6, 8 எல்லாம் நடுவில் பாலம் விட்டு வெட்டியிருக்கும், இல்லாவிட்டால் உள் துண்டு விழுந்துவிடும். அந்த இடைவெளியைப் பிரஷால் நிரப்பினால் எழுத்தின் வயிறு கோணிப்போகிறது. இரண்டு தகடு வீணானது.

கடைசியில் ஹட்டனில் கடைப் பலகை எழுதும் ஐயா ஒருவரிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். லொறிக் கதவுகளில் தோட்டத்துப் பெயர் எழுதி வளர்ந்த கை. பழைய தகட்டை வெளிச்சத்தில் சரித்து வைத்துப் பார்த்துவிட்டு, "இதை எழுதினவன் கை வேகமான கை தம்பி, மூணுக்கு ரெண்டு இழுப்புதான் எடுத்திருக்கான்" என்றார். மேலும் கீழும் சோக்கு நூல் அடித்துக் கோடு போட்டார். இடது கையில் நுனியில் துணி சுற்றிய குச்சி, அதன் மேல் வலது கையின் மணிக்கட்டு. ஸ்ரீயை மட்டும் மூன்று முறை கடுதாசியில் எழுதிப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஸ்ரீயில் கோடு ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலியும். பழைய தகடுகளில் அது இலக்கங்களின் அதே பருமனில், உருண்டையாக இருக்கும். அவர் அதை அப்படியே பிடித்துவிட்டார். எழுதி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆகவில்லை. இப்படி எழுதும் கைகள் நம் டவுன்களில் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கும்போதே வேலை கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

தகட்டுக்கு மெல்லிய இரும்புத் தகடு போதும். ஓரத்தை மடிக்க டின்கரிங் வேலை செய்பவரிடம் கொடுங்கள். இரண்டு பக்கமும் ரெட் ஒக்சைட் (துரு தடுக்கும் பிரைமர்) அடிக்க வேண்டும். நம் குளிரிலும் பனியிலும் தகடு முதலில் உக்குவது பின்பக்கம், அங்கேதான் ஒருவரும் பெயின்ட் அடிப்பதில்லை. அதன்மேல் கறுப்பு எனாமல் இரண்டு பூச்சு, எழுத்துக்கு வெள்ளை எனாமல். சுத்த வெள்ளையாக வேண்டாம், ஒரு துளி மஞ்சள் சேர்த்தால் பழைய பால் நிறம் வரும். மூட்டம் இறங்கும் நாளில் எனாமல் அடித்தால் காலையில் மினுக்கம் செத்து மங்கிக் கிடக்கும். எங்கள் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். உங்கள் டிக்கோயாவுக்கும் அதேதான்.

பூட்டும்போது தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ரப்பர் வோஷர் வைத்து, தண்ணீர் நிற்காமல் இறங்க இடம் விடுங்கள். அலுமினியத் தகடு என்றால் இரும்பு ஸ்க்ரூவை நேரடியாகப் போடாதீர்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி தட்டி அலுமினியம் தின்றுபோகும். பின் பிளேட்டுக்கு மேல் விளக்கு எரிய வேண்டும், மறக்க வேண்டாம். பழைய லூக்கஸ் விளக்கு, பிராக்கெட் போன்றவற்றுக்கு கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க நடக்கலாம். படத்தைக் கையில் கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேறு எதையாவது தருவார்கள்.

பூட்டுவதற்கு முன் ஒரு காரியம். பதிவுச் சான்றிதழில் உள்ள நம்பரையும் சசி (காரின் அடிச்சட்டம்) நம்பரையும் காரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறுப்புத் தகட்டோடு ஓட்டப் போவதைப் பற்றி வருடாந்த லைசன் எடுக்கும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் பழைய வாகனச் சொந்தக்காரர் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றில் சேர்ந்தால் இதே வழியில் போனவர்களின் அனுபவம் கிடைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே உங்கள் காரின் வெள்ளைப் பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றிப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய தகடு இருந்தால், கை வைப்பதற்கு முன் படம் எடுங்கள். எண்ணூறாம் நம்பரை விடக் கரடான தாளை அதன் மேல் வைக்கவே வேண்டாம்.